மைக்கை ஆன் பண்ணுங்க

இந்தப் பெண் கொஞ்சம் சிரிக்காமல் பேசினால் என் வலியில் பாதி குறைந்துவிடும் என்று தோன்றுகிறது. நிவேதிதா என்று பெயர். ஆஸ்பத்திரியில் வலி சிகிச்சைப் பிரிவில் ஆலோசகர். புதன்கிழமை சாயங்காலம் ஆனால் டேப்லெட்டில் ஒரு கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் எப்படி இருக்கீங்க என்று கேட்பாள். எப்படி இருப்போம். வலிக்கிறது என்றுதானே இந்தக் கூட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். முதுகு, முட்டி, இடுப்பு, சர்க்கரையால் எரிகிற பாதம், எனக்கு முகம். நாள்பட்ட வலியுள்ள வயசாளிகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மனசு கெட்டுப்போகும், நாலு பேரோடு பேசிப் பழகினால் வலி மட்டுப்படும் என்று யாரோ ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்களாம். சொன்னவருக்கு முகத்தில் வலி இருந்திருக்காது. பேசினால்தான் எனக்கு வலியே. வலது கன்னத்துக்குள் ஒரு நரம்பு, அதை மண்டைக்குள் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டே இருக்கிறதாம். உதட்டை அசைத்தால், சோற்றை மென்றால், பல் தேய்த்தால், ஃபேன் காற்று பட்டால், சில நாள் ஒரு காரணமும் இல்லாமல், காதுக்கு முன்னாலிருந்து தாடை வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. வெட்டைக்கூடத் தாங்கிவிடலாம், அது வந்ததும் போய்விடும். அடுத்தது எப்போது என்று கன்னம் காத்துக்கொண்டே இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வாயைத் திறப்பதற்கு முன்னால் இந்த வார்த்தை அவசியமா என்று யோசிக்கிறேன், பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வருகிறது, உலகத்தில் பேசப்படுகிற வார்த்தைகளில் முக்கால்வாசி அவசியமில்லாதவை என்பதை இந்த வயசில் இப்படித்தான் நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். கீழே முற்றத்தில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற பிள்ளை ஓடி வரும். அந்தக் குரல் எங்கும் போய்விடவில்லை, உள்ளே நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது, இதோ இப்போது பேசுகிற மாதிரி. வெளியே விடத்தான் பயம். பாளையங்கோட்டை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் வேர்வை ஒழுக ஒழுக ஒரு கண்ணாடிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து நான் நாலு பேரோடு பழகிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பலகை பிரமு அனுப்பியது. பிரமநாயகி, என் தங்கை, மெல்போர்னில் மகன் வீட்டில் இருக்கிறாள். எனக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாததால் என்னைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு தன்னுடையது என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள், அதைச் செய்ய அவளுக்குக் கிடைத்த வழி பார்சல். ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சாமான், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வாய். குரல் கொடுத்தால் விளக்கு எரியவைக்கும் ஒரு பெட்டி வந்தது. விளக்கின் சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது, அதைப் போட நான் வாயைத் திறந்து ஒரு பெட்டியிடம் கேட்க வேண்டுமாம். அடுத்து இந்தக் கேமரா. கூடத்து அலமாரி மேல் வெள்ளையாக, முட்டையை நட்டுவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் நடந்தால் தலையைத் திருப்புகிறது. குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தால் அதற்கும் திருப்புகிறது. ஏக்கா, இன்னும் சாப்பிடலையா என்று திடீரென்று அலமாரி பிரமுவின் குரலில் கேட்கும், நான் திடுக்கிடுவேன், திடுக்கிட்டால் கன்னம் வெட்டும். டைப் பண்ணி அனுப்புவேன், வலிக்கிறது என்று. டைப் பண்ணாதக்கா, வாயத் தொறந்து பேசு, பேசாம பேசாமத்தான் உனக்கு இப்படி இறுகிப்போச்சு, இங்க ஒரு ஃபிசியோகூட அதான் சொன்னாரு என்பாள். இது பல்வலியாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னவளும் அவள்தான். அந்தப் பேச்சைக் கேட்டு நல்ல கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிப் போட்டேன். பல் போன இடத்தில் நாக்கு இன்னமும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அதற்கு அப்புறம்தான் நரம்பு என்று தெரிந்து மாத்திரை கொடுத்தார்கள், அந்த மாத்திரை போட்டால் வலி கொஞ்சம் தூங்கும், கூடவே நானும் தூங்குவேன், விழித்தால் எதிர்வீட்டுக்காரி பெயர் மறந்திருக்கும். இத்தனைக்கும் பிரமுவைத் திட்ட முடியவில்லை, அதுதான் எரிச்சலிலெல்லாம் பெரிய எரிச்சல். அங்கே விடிந்து எந்நேரமானாலும், இங்கே நான் எழுந்து அசைகிறேனா என்று பார்த்த பிறகுதான் அவள் காப்பி போடுகிறாள் என்று அவள் மகன் சொன்னான். தூரத்தில் இருக்கிறவளுக்கு என் சத்தம் வேண்டியிருக்கிறது. என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

கட்டங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. கோவில்பட்டி ரூபாவதி, பாத எரிச்சல்காரி, எப்போதும் போல முகத்தைக் காட்டாமல் கறுப்புக் கட்டத்துக்குள் வெறும் பெயராக இருந்தாள். புத்திசாலி. மற்றவர்கள் ஒவ்வொருவராக மோவாய் மட்டும், கண்ணாடி மட்டும், கூரை மட்டும் என்று வந்து சேர்ந்தார்கள். மேல் வரிசையில் ஆறுமுகநயினார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பில் ஆபரேஷன் செய்து அது சரியாக வராமல் நாற்காலியும் கட்டிலுமாக இருக்கிறவர். அவரைப் பார்த்தாலே எனக்குக் கன்னம் இழுக்கும். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பேசுவார், அதனால் நெற்றியும் அதற்கு மேலே சுற்றுகிற ஃபேனும்தான் தெரியும், அந்த ஃபேனைப் பார்க்கும்போதெல்லாம் இங்கே காற்றடிப்பதாக என் நரம்பு நினைத்துக்கொள்ளும். ஃபேனைக்கூட மன்னிக்கலாம். பேச்சு. புதன்கிழமை பேசுவது போதாதென்று எங்கள் வாட்ஸப் குழுவில் தினமும் குரல்பதிவு போடுவார். வணக்கம், நான் ஆறுமுகநயினார் பேசுதேன் என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும், தலைக்கு மேல் அவர் பெயர் எழுதியிருப்பது தெரியாத மாதிரி. தென்னையில் வெள்ளை ஈ வந்தது, ஒரு புயலில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது, இட்லி மாவு புளிக்காதது, எல்லாம் வரும். பாதியில் இருமுவார், தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடப் பதிவாகியிருக்கும். நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு மனுஷனுக்கு இத்தனை வார்த்தை, வலியே இல்லாமல், தண்ணீராய்ச் செலவழிக்கக் கிடைத்திருக்கிறது. பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான். பசித்தவன் முன்னால் இலை நிறையப் போட்டுக்கொண்டு பாதியைக் கீழே சிந்துகிறவனைப் பார்த்தால் வருகிற கோபம்.

இன்னைக்கு ஒரு சின்ன ஆக்டிவிட்டி, என்றாள் நிவேதிதா. இந்த வாரம் உங்களைச் சந்தோஷப்படுத்தின ஒரு விஷயத்தை எல்லாரும் ஷேர் பண்ணணும், சின்ன விஷயமா இருந்தாலும் போதும். நான் யோசித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை கஞ்சி குடிக்கும்போது வெட்டு வரவில்லை. அதைச் சந்தோஷம் என்று சொன்னால் இவள் கைதட்டுவாள், கைதட்டுகிற மஞ்சள் பொம்மைகள் திரையெல்லாம் மிதந்து வரும், வேண்டாம். ரூபாவதி கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து, மாடியில வச்ச கத்திரி பூத்திருக்கு என்றாள். சூப்பர்ம்மா என்றாள் நிவேதிதா, பொம்மைகள் மிதந்தன. அடுத்து நயினார் அய்யா. சரி, போச்சு, இனி இருட்டிவிடும் என்று நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அவர் பேசத் தொடங்கினார். சத்தம் வரவில்லை. நயினார் அய்யா, மைக்கை ஆன் பண்ணுங்க என்றாள் நிவேதிதா. அவர் பேசிக்கொண்டிருந்தார். மைக் அண்ணாச்சி, மைக், என்றது ஒரு குரல். கீழ சிவப்பா கோடு போட்ட படம் ஒண்ணு இருக்கும் பாருங்க, அத அமுக்குங்க என்றாள் ரூபாவதி. யாரோ சிரித்தார்கள். நல்லதாகப் போச்சு, ஒரு வாரமாவது நிம்மதி என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. சத்தம் இல்லாததால்தான் நான் அவரைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். இன்றைக்கு நெற்றி இல்லை, முழு முகம். ஃபோனை எதிலோ சாய்த்து நேராக வைத்திருந்தார். முதன்முதலாக அவருக்கு மூக்கும் வாயும் இருப்பது தெரிந்தது, மெலிந்த முகம், சரியாகச் சவரம் செய்யாத தாடை. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததைச் சொல்கிறவர் வாய் இப்படி அசையாது. வேகம் இல்லை. ஒரு வார்த்தை, பிறகு உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்வது, பிறகு இன்னொரு வார்த்தை. திரையைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கோரம் மினுமினுத்தது. வேர்வையாக இருக்கும். வேர்வையைத் துடைப்பார்கள். அவர் துடைக்கவில்லை, அது இறங்கி மேலுதட்டுக்கு வந்தது, அப்போதும் துடைக்கவில்லை. மைக், மைக், என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், சந்தையில் வழி தப்பியவனுக்கு வழி காட்டுகிற உற்சாகத்தோடு.

நெட்வொர்க் பிராப்ளம் போல, அய்யாகிட்ட திரும்ப வரலாம், என்றாள் நிவேதிதா. அவள் அவரைப் பார்க்கவில்லை, கையில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவடிவு அம்மா, நீங்க வழக்கம்போல டைப் பண்ணினாலே போதும், உங்க சந்தோஷம் என்ன. நான் பலகையைத் தொட்டேன். அவர் என்று அடித்தேன். அது அவர்கள் என்றது. அழித்தேன். அவர் அழு என்று அடித்தேன், அழகு என்றது, அழகான மாலை வணக்கம் என்று முழுசாக எழுதி நீட்டியது. என் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தக் கருவிகள்தான் முடித்து வைக்கின்றன, நான் சொல்ல வருவதை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு. அழித்தேன், விரல் வேர்த்திருந்தது, எழுத்து பதியவில்லை. மேலே அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். இது என் வேலையா. அவருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். நிவேதிதா பார்த்துவிடுவாள், இதற்குத்தானே படித்திருக்கிறாள். அடுத்த நிமிஷம் ரூபாவதி பார்ப்பாள். யாரும் பார்க்க மாட்டார்கள், அவரவர் தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தப் பலகையில் எல்லாருக்கும் தங்கள் முகம்தான் முதலில் தெரிகிறது. நான் மட்டும் ஏன் பார்த்தேன். பேசினால் வெட்டும். காலையிலிருந்து வெட்டவில்லை, நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற நாள், அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் இந்த மனுஷனுக்காக, குரல்பதிவுக்காரருக்காக. மெதுவாகச் சொன்னால் வெட்டாமலும் போகலாம். மெதுவாகச் சொன்னால் இந்தச் சந்தையில் யாருக்குக் கேட்கும். அவர் பேச்சை நிறுத்தினார். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினார், ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மூடிக்கொண்டார். மைக்கை ஆன் பண்ணுங்க அய்யா என்றது இன்னொரு குரல். நான் துண்டைக் கீழே இழுத்தேன். "எல்லாரும் சும்மா இருங்க. அவரு அழுறாரு."

முற்றத்துக் குரல் அது. எனக்கே அந்நியமாக இருந்தது. கடைசி எழுத்து வாயைவிட்டுப் போவதற்குள் வெட்டு இறங்கிவிட்டது, ஒன்றல்ல, வரிசையாக, காதுக்குப் பின்னாலிருந்து ஈறு வரை, பல் இல்லாத இடத்தில்கூடப் பல் வலிக்கிற மாதிரி. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு கட்டங்களெல்லாம் கரைந்தன. மூச்சை இழுத்தால் காற்று உள்ளே போய்க் கன்னத்தைத் தொடும், அதனால் இழுக்காமல் இருந்தேன். கண் தெளிந்தபோது நிவேதிதாவின் முகத்தில் சிரிப்பு இல்லை, சிரிப்பு இல்லாதபோது அவள் என் விடுதிக்கு முதல்நாள் பெட்டியோடு வந்து நிற்கிற பிள்ளை மாதிரிதான் இருந்தாள். அய்யா, அய்யா, நயினார் அய்யா என்று கூப்பிட்டாள். அவர் இருந்த கட்டம் காணாமல் போயிருந்தது, மற்றவர்கள் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள். நான் அவருக்கு ஃபோன் பண்ணிப் பேசுறேன், இன்னைக்கு இதோட முடிச்சுக்கலாம், என்றாள். திரை அணைந்தது. என் முகம் கண்ணாடியில் கறுப்பாகத் தெரிந்தது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. ஏக்கா, என்றது அலமாரி. ஏக்கா, என்னாச்சு, கன்னத்த ஏன் இப்படிப் பிடிச்சிருக்க, யார்கிட்ட சத்தம் போட்ட, என்கிட்ட மட்டும் பேசமாட்ட, பதில் சொல்லுக்கா, எதிர்வீட்ல கூப்பிட்டுச் சொல்லட்டுமா. நான் எழுந்து அலமாரிப் பக்கம் போனேன், முட்டை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். உடனே ஃபோன் அடித்தது, பிரமு. நிறுத்தினேன். மறுபடி அடித்தது. அந்த மனுஷன் தனியாக இருக்கிறாரா, வீட்டில் யாராவது இருக்கிறார்களா, எத்தனை பதிவு போட்டிருப்பார், அதிலெல்லாம் இதைச் சொல்லியிருப்பாரே, நயினாரின் வீட்டில் யார் யார் என்று எனக்குத் தெரியாது, அவர் தென்னை மரத்து ஈயைத் தெரியும். மறுபடி பிரமு. நல்லா இருக்கேன், ஒருத்தருக்கு அவசரமா ஃபோன் பண்ணணும், லைனை விடு, என்று அவளுக்கு அடித்தேன். இந்தத் தடவை பலகை எதையும் திருத்தவில்லை. பிரமுவிடமிருந்து, யாருக்கு என்று மட்டும் பதில் வந்தது.

குழுவில் அவர் நம்பர் இருந்தது. கூப்பிட்டதும் எடுத்துவிட்டார். வணக்கம், நான் ஆறுமுகநயினார் பேசுதேன். குரல் கம்மியிருந்தது. நான் பேச வாயெடுத்தேன், கன்னம் துடித்தது, ம் என்று மட்டும் மூக்கால் சொன்னேன். "யாரு? வார்டனம்மாவா?" ம். "அம்மா, நீங்க பேசாதிய. பேசினா வெட்டும்லா. போன மாசம் நீங்க டைப் பண்ணிப் போட்டியளே, நான் படிச்சேன். இன்னைக்கு ஏன் பேசுனிய? இப்ப வலிக்கா?" அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்தப் பிள்ளை இப்பத்தான் கூப்பிட்டுச்சு. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். எனக்கு மைக்க அமுக்கத் தெரியலன்னு எல்லாரும் நெனச்சிட்டிய. ஊருக்கே கரண்ட நிறுத்திப் போட்டவன் நான், எனக்கு அது தெரியாதா. நான்தான் அணைச்சு வச்சிருந்தேன். சொல்லணும் போல இருந்துச்சு, யாரும் கேட்டுரவும் கூடாதுன்னு இருந்துச்சு. என்ன செய்ய." அப்புறம் சொன்னார். அவரோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் சாயங்காலம் கூடுவார்களாம். இடுப்பு போனதிலிருந்து இவரால் போக முடியவில்லை. அவருக்காகவே ஃபோனில் ஒரு குழு தொடங்கினார்களாம், எல்லா வம்பும் அதில் வரும், இவரும் பேசிப் பேசிப் போடுவார். கொஞ்ச நாளாக அதில் ஒருத்தரும் ஒன்றும் போடவில்லை. எல்லாருக்கும் வேலை போல என்று இருந்திருக்கிறார். "நேத்து சங்கரபாண்டி ஒரு போட்டோ போட்டான், எல்லாரும் குத்தாலத்துல நிக்கான்வ. உடனே இன்னொருத்தன் எழுதுதான், ஏலேய் இதுல போடாத, அதுல போடுன்னு. ரெண்டையும் அழிச்சிட்டான்வ. நான் பாத்துட்டேம்மா. வேற ஒண்ணு வச்சிருக்கான்வ, என்னைய விட்டுட்டு. நான் நீளமாப் பேசுதேன்லா. வீட்ல எங்க வீட்டுக்காரி இருக்கா, அவகிட்ட இதச் சொன்னா அவன்வகூடச் சண்டைக்குப் போயிருவா. அதான் மைக்க அணைச்சிட்டு உங்ககிட்டல்லாம் சொன்னேன்." என்னால் பேச முடியாதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் வாய் திறந்திருந்தால் அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணாச்சி என்று எதையாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

"வார்டனம்மா, லைன்ல இருக்கியளா?" ம் என்றேன், அதுவே கன்னத்தைச் சுண்டியது. கொஞ்சம் பேசுவார், பிறகு நிறுத்தி, இருக்கியளா என்பார். ஆள் போய்விட்டதோ என்று பயம். மறுபடி ம் சொல்ல முடியாது என்று தோன்றவே, ஃபோனின் முதுகில் நகத்தால் தட்டினேன். "என்னது, சத்தம் வருது?" மறுபடி தட்டினேன். "ஓ. தட்டினா இருக்கேன்னு அர்த்தமா?" தட்டினேன். அவர் சிரித்தார், சிரிப்பின் நடுவில் இருமல் வந்தது, தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. இனி தொடங்கிவிட்டார். குற்றாலத்தில் இப்போது தண்ணீர் எப்படி விழும், அந்தக் காலத்தில் அங்கே லைன் இழுத்தபோது குரங்கு கம்பியில் ஏறியது, எந்த ஃபீடர் லைனில் கரண்டை நிறுத்தினார்கள், யார் நிறுத்த மறந்தது, அவன் பெயர் என்ன, இல்லை அவன் இல்லை, அவன் தம்பி. இடது காது சூடாகிவிட்டது. வலது பக்கம் மாற்ற முடியாது. துண்டு நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. குரங்கைக் கம்பியிலிருந்து இறக்கினால் என்ன இந்த மனுஷன். இறக்கவில்லை, இன்னொரு குரங்கு வந்தது. ஃபோன் ஒரு தரம் அதிர்ந்தது, பிரமுவின் செய்தி, இன்னுமா பேசுற, நீயா என்று. பதில் அனுப்பக் கை இல்லை. அவர் இருக்கியளா என்று கேட்பதற்கு முன்னாலேயே அவ்வப்போது தட்டிவைத்தேன். "போரடிக்கேனோ?" என்றார் திடீரென்று. தட்டினேன், பலமாகவே. அவர் அதற்கும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. "சரிம்மா. உங்களுக்கும் முடியாது. அப்ப வச்சிரட்டுமா?"

தட்டினால் சரி என்று ஆகிவிடும், நகத்தை ஃபோனிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். நானும் அசையாமல் இருந்தேன், கன்னம் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"சரி, அப்ப கேளுங்க," என்றார் நயினார். "அந்தக் குரங்கு இருக்குல்லா."